எலானோ எவ்வளவு பெரிய ஆட்டக்காரர்?

கேள்வி இதுதான்: இந்தியன் சூப்பர் லீகில் (ஐஎஸ்எல்) சென்னையின் எஃப்சி அணிக்கு முதல் இரண்டு சீசனும் ஆடிய எலானோ, பிரேசில் கால்பந்தில் உண்மையிலேயே பெரிய ஆளா, அல்லது வயதான பிறகு காசுக்காக இங்கே வந்த இன்னொரு பழைய பெயரா? உலகக் கோப்பையில் கோல் போட்டவர் என்கிறார்களே, அப்படியானால் பிரேசில் நட்சத்திரங்களான காக்கா, ரொனால்டினோ அளவுக்கு அவர் பெயர் ஏன் அடிபடவில்லை?

காக்காவின் வரிசையில் எலானோவை வைக்க முடியாது. அதில் வாதாட ஒன்றும் இல்லை. ஆனால் 2006 முதல் 2010 வரை டுங்கா பிரேசிலின் பயிற்சியாளராக இருந்தபோது, அந்த அணியின் வலப்பக்கம் ஒழுங்காக ஓடியதற்கு எலானோ பெரிய காரணம். மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தால் சாதாரணமாகத்தான் தெரியும்: நாட்டுக்காகச் சுமார் ஐம்பது ஆட்டங்கள், 9 கோல். அந்தக் கோல்கள் எந்த ஆட்டத்தில், யாருக்கு எதிராக வந்தன என்று பார்த்தால்தான் ஆள் பிடிபடுவார்.

1981 ஜூன் 14 அன்று சாவோ பாவ்லோ மாநிலத்தின் உட்பகுதியில், இராசெமாப்போலிஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். முழுப் பெயர் எலானோ ரால்ஃப் புளூமர். பக்கத்து ஊர்களின் கிளப்புகளில் வளர்ந்து, 2001இல் சாண்டோஸுக்கு வந்தார். பெலேயின் கிளப் என்ற பெருமையைத் தவிர சாண்டோஸிடம் அப்போது பெரிதாக ஒன்றும் இல்லை. 1984இல் மாநிலப் பட்டம் வென்றதற்குப் பிறகு பெரிய கோப்பை எதுவும் வரவில்லை. நட்சத்திரங்களை வாங்கப் பணமும் இல்லை. பயிற்சியாளர் எமர்சன் லியாவோ வேறு வழியில்லாமல் பையன்களை இறக்கினார். 17 வயது டியேகோ, 18 வயது ரொபின்யோ. கூடவே நடுகளத்தில் ரெனாட்டோ, எலானோ. இந்த இருவருக்கும் அப்போது 23, 21 வயதுதான் என்றாலும் அந்த அணியில் அவர்கள் கிட்டத்தட்ட மூத்தவர்கள்.

அந்த 2002 சீசனைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எலானோ என்ன மாதிரியான ஆட்டக்காரர் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. லீக் கட்டத்தில் சாண்டோஸ் எட்டாவது இடம். அடுத்த சுற்றுக்குக் கடைசி ஆளாக உள்ளே நுழைந்தது. அப்புறம் முதலிடத்தில் இருந்த சாவோ பாவ்லோவை வீழ்த்தி, அரையிறுதியில் கிரேமியோவைத் தாண்டி, இறுதியில் கொரிந்தியன்ஸைச் சந்தித்தது. முதல் ஆட்டத்தில் 2-0 வெற்றி. டிசம்பர் 15 அன்று மொரும்பி மைதானத்தில் இரண்டாவது ஆட்டம். தொடக்கத்திலேயே டியேகோ காயத்தோடு வெளியேறினார். ரொபின்யோ பந்தின் மேல் காலைச் சுழற்றிச் சுழற்றி எதிராளியைப் பின்னால் தள்ளிக்கொண்டே போய்ப் பெனால்டி வாங்கியதும், அதை அவரே கோலாக்கியதும் பிரேசிலில் இன்றும் திரும்பத் திரும்பக் காட்டப்படும் காட்சி. ஆனால் அதற்குப் பிறகு கொரிந்தியன்ஸ் இரண்டு கோல் போட்டு 2-1 என்று முன்னேறியதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். இன்னொரு கோல் விழுந்தால் மொத்தக் கணக்கு சமமாகிவிடும். அந்த நேரத்தில், 88ஆவது நிமிடத்தில், கோலுக்கு முன்னால் உள்ள பெட்டிக்குள் ஓடிவந்து 2-2 ஆக்கியவர் எலானோ. கடைசியில் லியோ மூன்றாவதை அடித்தார். கோப்பை சாண்டோஸுக்கு.

எல்லோர் நினைவிலும் நிற்பது ரொபின்யோ. ஆட்டம் கைவிட்டுப் போகாமல் பிடித்து நிறுத்திய கோல் எலானோவுடையது. அவருடைய வாழ்க்கை முழுக்க இப்படித்தான் போனது. 2004இல் பயிற்சியாளர் லக்சம்பர்கோவின் கீழ் சாண்டோஸ் மீண்டும் பிரேசில் பட்டம் வென்றபோதும் அவர் இருந்தார். அப்போதும் பேசப்பட்டவர் ரொபின்யோதான்.

சரி, களத்தில் அவருடைய வேலை என்ன? பிரேசிலில் நடுகள ஆட்டக்காரர்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. தற்காப்புக்கு முன்னால் நின்று பந்தைப் பறிப்பவர்கள் ஒரு பக்கம், 10ஆம் எண்ணோடு ஆட்டத்தைப் படைப்பவர்கள் இன்னொரு பக்கம். எலானோ இரண்டிலும் முழுதாக அடங்கமாட்டார். வேகம் குறைவு. ஒருவரை ஏமாற்றி ஓடும் வித்தை பெரிதாகக் கிடையாது. ஆனால் வலது பக்கத்திலிருந்து தொடங்கி மெல்ல உள்ளே நகர்ந்து, பந்து தன் காலுக்கு வருவதற்கு முன்பே அடுத்த பாஸ் எங்கே என்று முடிவு செய்திருப்பார். பந்து போனால் பின்னால் ஓடி ரைட் பேக்குக்கு, அதாவது வலது பக்கத் தற்காப்பு ஆட்டக்காரருக்கு, காவல் நிற்பார். நின்ற பந்தில் வலது கால் அபாரம். ஃப்ரீ கிக், கார்னர், பெனால்டி மூன்றும் அவர் பொறுப்பு. பார்வையாளர்களுக்கு இது சலிப்பாக இருக்கலாம், பயிற்சியாளர்களுக்குத்தான் இப்படிப்பட்ட ஆளின் அருமை தெரியும். லியாவோ, லக்சம்பர்கோ, லூச்செஸ்கு, எரிக்சன், டுங்கா, பின்னாளில் சென்னையில் மட்டெராட்ஸி என்று ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத பயிற்சியாளர்கள் அவரை நம்பியதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

2005 தொடக்கத்தில் உக்ரைனின் ஷாக்தார் டொனெட்ஸ்க் அவரை வாங்கியது. ருமேனியப் பயிற்சியாளர் மிர்ச்சா லூச்செஸ்கு அங்கே ஒரு தனி முறையை உருவாக்கிக்கொண்டிருந்தார்: பின்வரிசையில் கிழக்கு ஐரோப்பியர்கள், முன்வரிசையில் இளம் பிரேசில்காரர்கள். ஜாட்சன், ஃபெர்னாண்டினோ, மட்டுசலேம், பிராண்டாவோ எல்லாம் அந்தக் காலத்து வரவுதான். லீக் பட்டங்கள் கிடைத்தன. ஆனால் உக்ரைன் லீகை பிரேசிலில் யார் பார்ப்பது? அங்கே ஆடியபோது அவர் ஏறக்குறையக் காணாமல் போயிருந்தார் என்றே சொல்லலாம்.

அங்கிருந்து அவரைத் தூக்கியெடுத்தவர் டுங்கா. 2006 உலகக் கோப்பையில் ரொனால்டோ, ரொனால்டினோ, காக்கா, அட்ரியானோ நால்வரையும் ஒன்றாக இறக்கி, பிரான்ஸிடம் தோற்று வெளியேறியது பிரேசில். அதற்குப் பிறகு பொறுப்பேற்ற டுங்காவுக்கு நட்சத்திரக் கூட்டத்தின் மேல் நம்பிக்கை இல்லை. 2006 செப்டம்பர் 3 அன்று லண்டனில், புதிதாகத் திறக்கப்பட்டிருந்த ஆர்சனல் மைதானத்தில் அர்ஜென்டினாவுடன் நட்பு ஆட்டம். பிரேசில் 3-0. காக்கா தன் பாதியிலிருந்தே பந்தோடு ஓடிப்போய்ப் போட்ட மூன்றாவது கோலை யூடியூபில் பார்க்காதவர் குறைவு. முதல் இரண்டும் எலானோ போட்டவை. மூன்றாவது நிமிடத்திலேயே ஒன்று. மறுபடியும் அதே கதை!

அடுத்த ஆண்டு வெனிசுவேலாவில் தென் அமெரிக்க நாடுகளின் கோப்பையான கோப்பா அமெரிக்கா. இறுதி ஆட்டத்தில் மீண்டும் அர்ஜென்டினா, மீண்டும் 3-0. எலானோ தொடக்க அணியில் இருந்தார். முதல் பாதியிலேயே காயம்பட்டு வெளியேற, டானி ஆல்வஸ் உள்ளே வந்தார். இரண்டாவது கோல் ஆல்வஸ் அடித்த கிராஸில் அர்ஜென்டினாவின் அயாலா தன் வலைக்குள்ளேயே தள்ளியது. மூன்றாவது ஆல்வஸே போட்டது. இதை நினைவில் வையுங்கள். எலானோவுக்குப் பதில் ஆல்வஸ் என்ற மாற்றம் மூன்று ஆண்டு கழித்து வேறு விதமாக முடிந்தது.

2007 ஆகஸ்டில் மான்செஸ்டர் சிட்டி. தாய்லாந்தின் முன்னாள் பிரதமர் தக்சின் ஷினவத்ரா கிளப்பை வாங்கி, ஸ்வென் யோரன் எரிக்சனைப் பயிற்சியாளராக்கியிருந்தார். சுமார் 80 லட்சம் பவுண்டு கொடுத்து எலானோவை எடுத்தார்கள். இன்று சிட்டி இருக்கும் நிலையை வைத்து அன்றைய சிட்டியைக் கற்பனை செய்யக் கூடாது. முந்தைய சீசனில் சொந்த மண்ணில் கோல் போடவே திணறிய அணி அது. எரிக்சனின் அணி முதல் மூன்று ஆட்டங்களையும் வென்றது. அதில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான 1-0 வெற்றியும் ஒன்று. செப்டம்பர் இறுதியில் நியூகாசிலுக்கு எதிராக எலானோ அடித்த ஃப்ரீ கிக் மேல்மூலையில் போய் விழுந்தது. கோல்கீப்பரால் பார்க்கத்தான் முடிந்தது. அடுத்த வாரம் மிடில்ஸ்பரோவுக்கு எதிராக இரண்டு கோல். அந்த இலையுதிர் காலத்தில் இங்கிலாந்து லீகின் மிகச் சிறந்த நடுகள ஆட்டக்காரர்களில் ஒருவர் அவர் என்று தயங்காமல் சொல்வேன்.

குளிர்காலம் வந்ததும் அவரும் அணியும் சேர்ந்தே இறங்கினார்கள். எரிக்சனை அனுப்பிவிடப் போகிறார்கள் என்ற செய்தி பரவியிருந்த நிலையில், சீசனின் கடைசி ஆட்டத்தில் அதே மிடில்ஸ்பரோவிடம் 8-1 என்று சிட்டி நொறுங்கியது. அந்த ஒற்றைக் கோலைப் போட்டவர் எலானோ. பிறகு பயிற்சியாளராக மார்க் ஹியூஸ் வந்தார், கிளப்பை வாங்கிய அபுதாபி முதலாளிகளின் பணம் வந்தது, 3 கோடியே 25 லட்சம் பவுண்டுக்கு ரொபின்யோ வந்தார். சாண்டோஸ் நண்பர்கள் மீண்டும் ஒரே அணியில். ஆனால் ஹியூஸின் வேகமான, உடல்பலம் கேட்கும் ஆட்டத்தில் எலானோவுக்கு நிரந்தர இடம் இல்லை. 2009இல் துருக்கியின் கலாட்டசராய்க்குப் போனார். அங்கே நடந்ததில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

கிளப்பில் இப்படித் தடுமாறியவரை டுங்கா மட்டும் விடவில்லை. 2009இல், கண்டங்களின் சாம்பியன்கள் மோதும் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையின் இறுதியில் அமெரிக்கா முதல் பாதியில் 2-0 முன்னிலை. இடைவேளைக்குப் பிறகு லூயிஸ் ஃபாபியானோ இரண்டு போட்டுச் சமன் செய்தார். மாற்று ஆட்டக்காரராக வந்திருந்த எலானோ 84ஆவது நிமிடத்தில் ஒரு கார்னர் எடுக்க, லூசியோ தலையால் முட்டி 3-2.

இப்போது 2010 தென்னாப்பிரிக்கா. டுங்காவின் அணி ஒரு பக்கம் சாய்ந்த அணி. நடுவில் கில்பர்ட்டோ சில்வா, ஃபெலிப்பே மெலோ என இரண்டு காவலர்கள். முன்னால் காக்கா. இடது பக்கம் ரொபின்யோ தன் இஷ்டத்துக்கு அலைவார். வலது பக்கம் மைக்கோன் என்ற ரைட் பேக் ரயில் மாதிரி ஏறி வருவார். அவர் ஏற வேண்டுமானால் அந்தப் பக்கத்தில் இருப்பவர் உள்ளே ஒதுங்கி வழிவிட வேண்டும், பந்து பறிபோனால் அவருடைய இடத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வேலைக்குத்தான் எலானோ. வட கொரியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் முதல் பாதி முழுக்கச் சுவரில் முட்டியது பிரேசில். பிறகு மைக்கோன் ஒன்று போட்டார். ரொபின்யோ ஊடே தள்ளிய பந்தை எலானோ நிறுத்தாமல் அப்படியே தூர மூலைக்கு அனுப்பினார். 2-1 வெற்றி. அடுத்து ஐவரி கோஸ்ட். காக்கா கொடுத்த பந்தில் மூன்றாவது கோல் எலானோவுடையது. இரண்டு ஆட்டம், இரண்டு கோல்.

கோல் போட்ட சில நிமிடங்களில் ஐவரி கோஸ்டின் செய்க் டியோட்டேயின் கால் அவருடைய கணுக்கால் பக்கம் பலமாக இறங்கியது. ஸ்ட்ரெச்சரில் வெளியே போனார். முதலில் பெரிதாக இல்லை என்றார்கள். ஆனால் எலும்பில் அடி, வலி போகவில்லை. அந்த உலகக் கோப்பையில் அவர் மறுபடி களமிறங்கவே இல்லை.

அவருடைய இடத்தில் டானி ஆல்வஸ் ஆடினார். ஆல்வஸ் எலானோவைவிடப் பெரிய ஆட்டக்காரர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவரும் மைக்கோனைப் போலவே ஓடிப் பழகியவர். உள்ளே வந்து ஆட்டத்தை அமைதிப்படுத்துவது அவருடைய இயல்பு அல்ல. சிலியை 3-0 என்று வென்றபோது இது தெரியவில்லை. ஜூலை 2 அன்று போர்ட் எலிசபெத்தில் நெதர்லாந்துக்கு எதிரான காலிறுதியில் தெரிந்தது. முதல் பாதியில் 1-0 முன்னிலையோடு பிரமாதமாக ஆடிய பிரேசில், ஸ்னைடரின் முதல் கோலுக்குப் பிறகு தலைகால் புரியாமல் ஆடியது. இரண்டாவதும் விழுந்தது, மெலோ சிவப்பு அட்டை வாங்கினார். பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு மூச்சு வாங்க நேரம் கொடுக்க ஆள் இல்லை. நடுகள ஆட்டக்காரர் ரமிரெஸுக்கு அந்த ஆட்டத்துக்குத் தடை. நெய்மர், கான்சோ, ரொனால்டினோ யாரையும் டுங்கா அழைத்து வந்திருக்கவில்லை. பின்தங்கிக் கிடந்தபோதும் அனுமதிக்கப்பட்ட மூன்று மாற்றங்களில் இரண்டைத்தான் பயன்படுத்தினார்; பெஞ்சில் அவர் நம்பியவர் யாரும் மிச்சமில்லை என்றுதான் அதைப் படிக்க முடிகிறது. எலானோ இருந்திருந்தால் பிரேசில் வென்றிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. மெலோவின் கோபத்தை அவரால் தடுத்திருக்க முடியாது. ஆனால் ஐம்பது ஆட்டம் ஆடிய ஒருவருக்குக் காயம் என்றதும் ஐந்து முறை சாம்பியனான நாட்டின் அணி அச்சு கழன்று ஓடுகிறது என்றால், அவர் சும்மா இடத்தை நிரப்பியவர் இல்லை.

அப்படியானால் பிரேசிலில் ஏன் அவரைக் கொண்டாடவில்லை? இரண்டு காரணம் சொல்வேன். ஒன்று, டுங்காவின் அணியையே அங்கே பலருக்குப் பிடிக்காது. அழகில்லாத ஆட்டம், அதிலும் உலகக் கோப்பை இல்லை. அந்த அணியின் அடையாளமாக ஆனவர்கள் எல்லோரும் அந்தக் கசப்பில் பங்கு வாங்கினார்கள். இரண்டாவது காரணம் 2011 ஜூலை.

அந்த ஆண்டு ஆரம்பத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சாண்டோஸுக்குத் திரும்பியிருந்தார். நெய்மர், கான்சோ என்று அடுத்த தலைமுறைப் பையன்கள். இப்போது உண்மையாகவே மூத்தவர் எலானோ. சாவோ பாவ்லோ மாநிலப் பட்டம் வந்தது. அதில் அதிகக் கோல் போட்டவர்களின் பட்டியலில் கொரிந்தியன்ஸின் லியெட்சனோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். ஜூன் 22 அன்று பக்கயெம்பூ மைதானத்தில் உருகுவேயின் பெனியரோலை 2-1 என்று வென்று, 1963க்குப் பிறகு முதல் முறையாக, தென் அமெரிக்கக் கிளப்புகளின் பெரிய கோப்பையான லிபெர்ட்டடோரஸை சாண்டோஸ் தூக்கியது. 2003இல் இதே கோப்பையின் இறுதியில் போகா ஜூனியர்ஸிடம் தோற்ற சாண்டோஸ் அணியிலும் அவர் இருந்தவர்.

ஒரு மாதம் கூட ஆகவில்லை. ஜூலை 17, அர்ஜென்டினாவின் லா பிளாட்டாவில் கோப்பா அமெரிக்கா காலிறுதி. பராகுவேயோடு 0-0. பெனால்டி. பிரேசிலின் முதல் உதை எலானோவுக்கு. கம்பத்துக்கு மேலே போனது. அவருக்குப் பின்னால் தியாகோ சில்வா, ஆந்த்ரே சாண்டோஸ், ஃப்ரெட் மூவரும் தவறவிட்டார்கள். நான்கு உதையில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. தரையில் மணல் பெயர்ந்துகொண்டிருந்தது உண்மை. ஆனால் பராகுவேக்காரர்களும் அதே தரையில்தான் உதைத்தார்கள்.

பத்து நாள் கழித்து, ஜூலை 27, விலா பெல்மிரோ மைதானத்தில் ஃபிளமெங்கோவுடன் லீக் ஆட்டம். பிரேசில் லீகின் மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்று என்று இன்றும் பேசுகிறார்கள். நெய்மர் போட்ட கோலுக்கு, ஆண்டின் சிறந்த கோலுக்கான புஷ்காஷ் விருது கிடைத்தது. சாண்டோஸ் 3-0 என்று முன்னிலை பெற்று, ஃபிளமெங்கோ 3-2 வரை வந்திருந்த நேரத்தில் சாண்டோஸுக்குப் பெனால்டி. எலானோ பந்தை நேராக, மெல்லத் தூக்கிவிட்டார். கோல்கீப்பர் ஃபெலிப்பே ஏமாறவில்லை. நின்ற இடத்திலேயே பிடித்து, கேலியாகப் பந்தைக் காலால் தட்டி விளையாடியும் காட்டினார். ரொனால்டினோவின் மூன்று கோலோடு ஃபிளமெங்கோ 5-4 என்று வென்றது. நின்ற பந்துதான் எலானோவின் பலம். அதில் போய், நாடே பார்த்துக்கொண்டிருக்கும்போது, பத்து நாளில் இரண்டு தடவை! 88ஆவது நிமிடக் கோல், லண்டன் கோல்கள், லூசியோவுக்குக் கொடுத்த கார்னர் எல்லாம் போய், பொது நினைவில் அந்த இரண்டு உதைகள் தங்கிவிட்டன. நியாயமில்லைதான். ஆனால் கால்பந்து ரசிகர்களிடம் நியாயம் எதிர்பார்ப்பவர் யார்?

அதன் பிறகு கிரேமியோ, கொஞ்ச காலம் ஃபிளமெங்கோ. 2014இல் சென்னை.

ஐஎஸ்எல் முதல் சீசனில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு மார்க்கீ ஆட்டக்காரர், அதாவது பெயருக்காகவே எடுக்கப்படும் நட்சத்திரம். டெல் பியரோ, ட்ரெஸகே, லியுங்பெர்க், பிரெஸ் என்று பெயர்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் அவர்களில் பலர் நாற்பதை நெருங்கியவர்கள், சிலர் ஓய்வு அறிவித்துவிட்டு வந்தவர்கள். எலானோவுக்கு 33. அந்த ஆண்டுகூட பிரேசிலில் ஆடிவிட்டு வந்தவர். வித்தியாசம் உடனே தெரிந்தது. கோவாவில் நடந்த முதல் ஆட்டத்திலேயே ஃப்ரீ கிக்கில் கோல். சென்னை நேரு ஸ்டேடியத்தில் நடந்த முதல் ஆட்டத்தில் கேரளாவுக்கு எதிராகப் பெனால்டியில் ஒன்று. மும்பையை 5-1 என்று துவைத்த ஆட்டத்தில் இரண்டு. நடுவில் காயம் வந்து சில ஆட்டங்கள் போனாலும் 8 கோலோடு, அதிகக் கோல் போட்டவருக்கான கோல்டன் பூட் அந்த சீசனில் அவருக்குத்தான். ஒரு நடுகள ஆட்டக்காரர் அதை வாங்கியிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். புள்ளிப் பட்டியலில் சென்னை முதலிடம். ஆனால் அரையிறுதியில் கேரளாவிடம், கூடுதல் நேரத்தின் கடைசியில் விழுந்த ஒரு கோலால், வெளியேறியது.

காசுக்காக வந்தாரா என்றால், எந்தத் தொழில்முறை ஆட்டக்காரர் காசு வாங்காமல் ஆடுகிறார்? ஆனால் அடுத்த ஆண்டும் திரும்பி வந்தார். 2015 சீசனில் பாதி தாண்டியும் சென்னை பட்டியலின் அடியில்தான் கிடந்தது. கடைசிக் கட்டத்தில் வரிசையாக வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது. டிசம்பர் வெள்ளத்தால் சொந்த மண் அரையிறுதியை புணேவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. அங்கே கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். இறுதியில் கோவாவை அவர்களுடைய மண்ணிலேயே 3-2. அந்த ஆண்டின் நாயகன் சென்னையின் முன்வரிசை ஆட்டக்காரர் மெண்டோசா. எலானோ பழையபடி இரண்டாம் வரிசை. கொண்டாட்டம் கசப்பாக முடிந்ததையும் மறைக்க வேண்டாம்: ஆட்டம் முடிந்த பின் மைதானத்தில் நடந்த தகராறில், கோவா அணியின் இணை உரிமையாளர் கொடுத்த புகாரின் பேரில் காவல்துறை அவரைக் கைது செய்து ஜாமீனில் விட்டது.

2016 முடிவில் சாண்டோஸிலேயே ஓய்வு பெற்றார். 2017இல் அங்கேயே துணைப் பயிற்சியாளர். தலைமைப் பயிற்சியாளரை நீக்கியபோதெல்லாம் தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். பிறகு இன்டர் டி லிமெய்ரா, ஃபிகெய்ரென்சே, ஃபெரோவியாரியா என்று நடுத்தர கிளப்புகளுக்குப் பயிற்சியாளரானார். இதுவரை பெரிதாக எதுவும் அமையவில்லை.

அவரைப் பற்றி நீங்களே ஒரு முடிவுக்கு வர வேண்டுமானால், கோல் தொகுப்பு வீடியோக்களைப் பார்க்காதீர்கள். அதில் ஃப்ரீ கிக் மட்டும்தான் இருக்கும். 2010இன் ஐவரி கோஸ்ட் ஆட்டத்தை முதல் அறுபது நிமிடம் பாருங்கள், அப்புறம் நெதர்லாந்து ஆட்டத்தின் இரண்டாம் பாதியைப் பாருங்கள். இரண்டிலும் மைக்கோனுக்கு முன்னால் நிற்பவர் என்ன செய்கிறார் என்று மட்டும் கவனித்தால் போதும்.